புல்லுக்கு ஓய்வு உண்டு, புல்தரைத் தொழிலாளிக்கு?

கோடை பிறந்துவிட்டால் பாலக்காட்டுப் பக்கம் பேச்செல்லாம் வெயிலும் தண்ணீரும்தான். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தென்னைக்கு நீர் எட்டவில்லை என்ற கவலை. மலைமேல் மூணாறு, தேவிகுளம் பகுதியில் கோடை மழை தவறினால் கொழுந்து குறையுமே என்ற கவலை. இத்தனை கவலைகளுக்கு நடுவே கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புல்லை வெட்டி, நீர் வார்த்து, கோடையில் காப்பாற்றித் தருகிறவர் பணக்காரர் அல்ல. மலைப்பகுதியில் அந்த வேலையில் தமிழ்க் கைகள் உண்டு. எனவே இது நம்மவர்க்கும் தொடர்புள்ள விஷயமே.

பிரிட்டனுக்கு வெளியே அமைந்த கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழையது 1829-ல் கல்கத்தாவில் தொடங்கியது. வெள்ளைக்காரர் சென்ற மலைகளுக்கெல்லாம் இந்த விளையாட்டும் சென்றது. உதகை, வெலிங்டன், கொடைக்கானல் என்று அது ஏறிய மலைகளில் மூணாறும் ஒன்று. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னாளில் அங்கே தேயிலை பரவியது. காட்டை வெட்டித் தேயிலை நட வந்தவர்கள் போடி வழியாக மலையேறிய தமிழர்கள். சரக்கு ஏற்ற குண்டளைப் பள்ளத்தாக்கில் டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறிய ரயிலும் ஓடியது. 1924-ம் ஆண்டு வெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு அது போடப்படவே இல்லை. ரயில் போனாலும் தேயிலை நிற்கிறது. மூணாற்றில் ஹைரேஞ்சு கிளப்பும் நிற்கிறது. மூணாற்றிலும் குண்டளையிலும் கோல்ஃப் மைதானங்கள் இன்றும் உள்ளன.

இறுகிப்போகும் மண்

கோல்ஃப் மைதானம் என்றால் ஒரே மாதிரிப் புல்வெளி என்று எண்ணக்கூடாது. பந்தை முதலில் அடிக்கும் மேடை ஒன்று. அதற்கு அப்பால் நீண்ட புல்வெளி. முடிவில் குழி இருக்கும் வட்டத் தரை. இதைக் கிரீன் என்பார்கள். இந்தக் கிரீனில்தான் பராமரிப்பின் கஷ்டமெல்லாம். பந்து தடையின்றி உருள வேண்டும் என்பதற்காக இங்கே புல்லை ஒரு நெல்மணியின் நீளத்துக்கும் குறைவாக வெட்டி வைப்பார்கள். இலையைப் பறித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பயிரும் இளைக்கும். அதன் மேல் ஆள் நடமாட்டம், புல்வெட்டும் இயந்திரத்தின் பளு, உருளையின் அழுத்தம். நாளாக ஆக மேல்மண் சில அங்குல ஆழத்துக்குக் கெட்டித்துப் போகிறது.

நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதிதான் மண். மீதிப் பாதி இடைவெளி. அந்த இடைவெளியில் சரிபாதி தண்ணீரும் சரிபாதி காற்றும் இருப்பது பயிருக்கு உகந்தது. மிதிபட மிதிபட இந்த இடைவெளி அடைபடுகிறது. வேருக்கும் மூச்சு உண்டு. அதற்கும் பிராணவாயு வேண்டும். காற்று கிடைக்காத வேர் கீழே இறங்காமல் மேலோடு நின்றுவிடும். மேலோடு நிற்கும் வேர் கோடையின் முதல் பத்து நாள் வெயிலிலேயே காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றினாலும் இறுகிய மண் குடிக்காது, வழிந்து ஓடிவிடும். தாழ்வான இடத்தில் தேங்கும் நீரில் பூசண நோய் பிடிக்கும்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லியின் இடைவெளியில் மண் அடைந்துவிட்டால் மழைநீர் வடியாது. பாதை உள்வாங்கும். அதனால்தான் ஜல்லியை வாரிச் சலித்து, மண்ணை நீக்கி மறுபடி போடுகிறார்கள். தேயிலைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கும் இது புதிதல்ல. இறுகிய மண்ணை முள் கொண்டு குத்தி நெகிழ்த்திவிடும் வேலையை அவர்கள் அறிவார்கள். கோல்ஃப் மைதானத்தில் நடப்பதும் இதே வைத்தியம்தான்.

லட்சக்கணக்கில் ஓட்டை

இந்த வைத்தியத்துக்கு ஆங்கிலத்தில் ஏரிஃபிகேஷன் என்று பெயர். மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுப்பது என்று பொருள். குழல் போன்ற உள்கூடான இரும்பு முட்களைத் தரையில் அழுத்தி எடுப்பார்கள். ஒவ்வொரு முள்ளும் விரல் பருமனில் ஒரு மண் துண்டை வெளியே கொண்டுவரும். 3, 4 அங்குல ஆழம் வரை ஓட்டை விழும். மண் துண்டுகளை வாரிவிட்டு, சலித்த மணலைத் தூவி, ஓட்டைகள் நிரம்பும்படி துடைப்பத்தால் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரும் கொஞ்சம் உரமும். மணல் நிரம்பிய ஓட்டை வழியே நீர் இறங்கும், காற்று இறங்கும், வேரும் பின்தொடர்ந்து இறங்கும்.

இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 5 சென்டிமீட்டருக்கு ஓர் ஓட்டை என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 400 ஓட்டை. ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்றால் 2 லட்சம் ஓட்டை. 9 குழி உள்ள மைதானத்துக்கு 18 லட்சம். இயந்திரம் இருக்கும் இடத்தில் இயந்திரம் குத்தும். இல்லாத இடத்தில் ஆள் நின்று, முள்ளைக் காலால் மிதித்து இறக்க வேண்டும். இயந்திரம் குத்தினாலும் மண்ணை வாருவதும் மணலைத் தேய்ப்பதும் பெரும்பாலும் மனிதக் கைகளே.

எப்போது குத்துவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. குளிர்நாட்டுப் புல்லைக் கடுங்கோடையில் இப்படிக் குத்தினால் அது தேறாது. அதற்கு வசந்தமும் இலையுதிர் காலமுமே ஏற்றவை. வெப்ப நாட்டுப் புல் அப்படியல்ல. வெயில் காலத்தில்தான் அது வேகமாக வளரும். காயம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆனால் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். வறண்ட தரையில் ஓட்டை போட்டால் அனல் காற்று நேரே வேருக்குப் போகும். ஆகவே கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தபின், ஜூனில் தென்மேற்குப் பருவமழை வலுப்பதற்கு முன் உள்ள வாரங்கள் இடுக்கி மலைகளுக்குப் பொருந்தும். மழை தவறிய ஆண்டில் பெரிய முள்ளை விட்டுவிட்டு, மெல்லிய ஊசி போன்ற முள்ளால் குத்தி மண்ணுக்குச் சற்று மூச்சு விடச் செய்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

குத்திய கிரீனில் சில நாளைக்கு ஆட்டம் சரிவராது. பந்து தத்தித் தத்திப் போகும். உலகில் எந்த கோல்ஃப் கிளப்பிலும் உறுப்பினர்கள் இதைப் பற்றி முணுமுணுக்காத ஆண்டு இராது. ஆனால் விவரமறிந்த நிர்வாகம் அதைப் பொருட்படுத்தாது. இப்போது பத்து நாள் ஓய்வு கொடுக்காவிட்டால் பிறகு ஆண்டு முழுவதும் புல் இருக்காது என்று அதற்குத் தெரியும்.

நம் ஊர் அருகம்புல்

உலகின் வெப்பமான நாடுகளில் கோல்ஃப் மைதானங்களைத் தாங்கி நிற்பது எந்தப் புல் என்று தெரிந்தால் பலர் வியப்படைவார்கள். நம் வரப்புகளில் படரும் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். அமெரிக்காவில் அதைப் பெர்முடாப் புல் என்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் நகரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இந்த அருகையும் ஓர் ஆப்பிரிக்க இனத்தையும் கலந்து மெல்லிய ஒட்டு ரகங்களை உருவாக்கினார். 1960-ல் வந்த டிஃப்வே, 1965-ல் வந்த டிஃப்ட்வார்ஃப் ஆகியவை உலகெங்கும் பரவின. இந்த ஒட்டு ரகங்கள் விதை பிடிப்பதில்லை. கொடியைத் துண்டாக்கி நட்டுத்தான் பரப்ப வேண்டும்.

இதே பர்ட்டனின் ஆராய்ச்சியில் பிறந்த ஒரு கம்பு வரிசையைத் தாயாகக் கொண்டுதான் இந்தியாவின் முதல் ஒட்டுக் கம்பு லூதியானாவில் உருவாகி 1965-ல் வெளிவந்தது. பணக்காரரின் பந்து உருளும் தரைக்கும் ஏழையின் கம்பங்கூழுக்கும் ஒரே ஆராய்ச்சி நிலையம் உதவியிருக்கிறது. புல்லைப் பற்றிய அறிவை அற்பமென்று ஒதுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அருகு வேரோட வேண்டுமானால் மண் நெகிழ்ந்திருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானது. குளிர்பான ஆலைக்கு எதிராக மக்கள் போராடிய பிளாச்சிமடை பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2004-ல் அந்த ஆலையின் உற்பத்தி நின்றது. அதைக் கண்ட மக்களிடம் புல்லுக்குத் தண்ணீர் என்றால் கோபம் வருவது இயற்கை. புதிய கோல்ஃப் மைதானங்கள் வேண்டும் என்பது இங்கே வாதமல்ல. இருக்கின்ற புல்தரை எதுவானாலும், மண் நெகிழ்ந்திருந்தால் ஊற்றிய நீர் உள்ளே போகும். இறுகியிருந்தால் வழிந்து வீணாகும். தண்ணீரை மிச்சப்படுத்த விரும்புகிறவரும் மண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆளுக்கு என்ன ஏற்பாடு?

இனி மையமான கேள்விக்கு வரலாம். புல்லுக்கு ஓய்வு, மண்ணுக்கு மூச்சு என்று இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. அந்த வேலையைச் செய்கிறவருக்கு என்ன ஏற்பாடு?

கேரளத் தொழில் துறை கோடை தோறும் ஓர் உத்தரவு பிறப்பித்து வருகிறது. திறந்த வெளியில் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஓய்வு தர வேண்டும். காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே 8 மணி நேரமாக வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டில் 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரல் மாதத்தில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த வெயிலை அறிந்தவர்கள் இந்த உத்தரவின் அருமையையும் அறிவார்கள். கட்டட வேலை, சாலை வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியது இது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கல்லூரி மைதானத்தில் புல் வெட்டுகிறவரும், ஹோட்டல் தோட்டத்தில் நீர் பாய்ச்சுகிறவரும் வெயிலில்தானே நிற்கிறார்கள்? அவர்களும் இந்த ஓய்வைக் கேட்டுப் பெற வேண்டும்.

வேலை நேரத்தை மாற்றினால் புல் கெட்டுவிடும் என்று மேஸ்திரிமார் சொல்லக்கூடும். உண்மை இதற்கு நேர்மாறானது. புல்லை வெட்டுவதற்கு ஏற்றது அதிகாலை. நீர் பாய்ச்சுவதற்கு ஏற்றது விடியற்காலை. அப்போது பாய்ச்சிய நீர் ஆவியாகாமல் மண்ணில் சேரும், இலையும் சீக்கிரம் உலரும். ஓட்டை போடுவதற்கும் காலை நேரமே நல்லது. உச்சி வெயிலில் திறந்த வேர் வாடிவிடும். புல் சூடேறிவிட்டால் நண்பகலில் லேசாக நீர் தெளிக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. அதை நேரம் வைத்துத் திறக்கும் தெளிப்பான் செய்யும். ஆளை நிறுத்த வேண்டியதில்லை. ஆக, புல்லுக்கு எந்த நேரம் நல்லதோ அதே நேரம் தொழிலாளிக்கும் நல்லது. இருவர் நலனும் மோதவில்லை. மோதுவதாக நினைப்பது பழைய பழக்கம்.

3,000 அடிக்கு மேலே

இந்த உத்தரவில் ஒரு விலக்கு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேலே, வெயில் தாக்குதலுக்கு வாய்ப்பில்லாத பகுதிகளுக்கு இது பொருந்தாது. மூணாறு ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளது. எனவே தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் மைதானத்துத் தொழிலாளரும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள்.

குளிர்ந்த மலையில் வெப்பத்தால் மயங்கி விழுவது அரிது என்பது உண்மை. ஆனால் வெப்பம் வேறு, கதிர் வேறு. உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் கூடுகிறது. உடம்பு சுடாது, தோலும் கண்ணும் கெடும். 2025-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக் கதிர் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது மூணாறும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு துறை எச்சரிக்கை விடுக்கிறது. இன்னொரு துறையின் உத்தரவு அதே ஊரை விலக்கி வைக்கிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. மலைக்கு 3 மணி நேர ஓய்வு தேவையில்லை என்றால் 1 மணி நேரமாவது நிழலும், அகன்ற விளிம்புத் தொப்பியும், முழுக்கைச் சட்டையும், குடிநீரும் கட்டாயமாக்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

கைத்தொழில் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்

இரண்டாவது விஷயம் கூலியும் மதிப்பும். மண்ணைக் கையால் அழுத்திப் பார்த்து ஈரம் சொல்கிறவர், புல்லின் நிறம் பார்த்து நோய் சொல்கிறவர், எந்த முள் எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்கிறவர் சாதாரணக் கூலியாள் அல்ல. ஆனால் "புல்லு வெட்டுற ஆள்" என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிடுகிறோம். கொழுந்து பறிப்பதையும் முன்பு இப்படித்தான் பார்த்தார்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான் 232 ரூபாய் நாட்கூலி 301 ரூபாயாயிற்று. கேட்காமல் எதுவும் வருவதில்லை.

கல்கத்தாவின் ராயல் கோல்ஃப் கிளப்பில் புல்தரை பார்த்தவர் ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சவுராசியா. 2008-ல் டில்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வெளிநாட்டு வீரர்களை வென்றார். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இந்தியன் ஓப்பன் பட்டம் பெற்றார். புல்தரையைக் காப்பவரின் வீட்டிலிருந்து ஒரு சாம்பியன் வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. நல்லதுதான். ஆனால் எல்லோரும் சாம்பியனாக முடியாது. தந்தையின் வேலைக்கே ஒரு மதிப்பு இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான நியாயம்.

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பாலக்காடு மாவட்டம் பட்டாம்பியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. இடுக்கியில் பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் உண்டு. புல்தரைப் பராமரிப்பில் ஒரு மாதக் குறுகிய பயிற்சியை மலையாளத்திலும் தமிழிலும் அவை நடத்தி ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். அந்தச் சான்றிதழ் உள்ளவருக்குத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி என்ற கூலி விகிதம் கிடைக்கச் செய்ய வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஹோட்டல், கல்லூரி, விளையாட்டரங்கம் என்று பல இடங்களில் இது வேலைக்கு வழி திறக்கும்.

பள்ளி மைதானங்களின் கதி

பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை எங்கே என்று தேட வேண்டாம். எல்லைப் பகுதியில் உள்ள பள்ளி மைதானங்களைப் பார்த்தால் போதும். கூட்டமும் பந்தலும் வாகனமும் மிதித்து மிதித்து, கோடையில் செங்கல்லாக இறுகிக் கிடப்பவை பல. பிள்ளைகள் விழுந்தால் முழங்கால் பெயர்கிறது. மழை வந்தால் அதே தரை குளமாகிறது. பாலக்காடு கோட்டை மைதானத்தைப் போல் ஊருக்கே பொதுவான இடங்களும் ஆண்டு முழுவதும் மிதிபடுகின்றன. மிதிபடாத மைதானம் மைதானமே அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு ஓய்வும் மூச்சும் வேண்டும்.

இதற்குச் சீமை இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. அப்போதுதான் கோடை மழையும் வரும். நாலு முள், இரண்டு லாரி மணல், வரப்பிலிருந்து கொண்டுவந்த அருகங்கொடி, பயிற்சி பெற்ற ஓர் ஆள், உடன் பத்துப் பேர் இருந்தால் ஒரு மைதானத்தை ஜூனில் பள்ளி திறக்குமுன் பச்சையாக்கத் தொடங்கிவிடலாம். பஞ்சாயத்துகள் மனம் வைத்தால் நடக்கும். வசதியுள்ளவர் பந்து உருட்டும் தரைக்குக் கிடைக்கும் கவனிப்பில் பத்தில் ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகள் ஓடும் தரைக்குக் கிடைத்தால் போதும்.

ஆகவே மாநிலத் தொழில் துறை 3,000 அடி விலக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நண்பகல் ஓய்வு புல்தரைத் தொழிலாளருக்கும் உண்டு என்பதைத் தமிழிலும் அச்சடித்து, பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வேலைத்தலங்களில் ஒட்ட வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிற்சியைத் தொடங்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இந்தச் சிறு கூட்டத்தையும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஊர்வலம் போகவும் மாட்டார்கள். அதனாலேயே இவர்களை மறந்துவிடக் கூடாது. அடுத்த கோடைக்கு முன்பே அதிகாரிகள் ஆவன செய்வார்களா?